அம்மாபேட்டை வீட்டை விற்றபோது

சேலம் அம்மாபேட்டையில் 1991-இல் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வீடு. முப்பத்து மூன்று ஆண்டுகள் தறிச் சத்தத்தில்தான் விடிந்தது. மகளோடு இருக்கக் கோவைக்குப் போவதென்று முடிவானதும், 2024 அக்டோபரில் 60 லட்சத்துக்கு விற்றேன்.

விலை படிந்த மறுநாள் வாங்குபவர் ஒரு யோசனை சொன்னார். பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 42 லட்சம்தான். பத்திரத்தில் அதையே எழுதிவிட்டு, மீதி 18 லட்சத்தை ரொக்கமாகத் தருகிறேன் என்றார். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் அவர் பொறுப்பு. அந்த 18 லட்சத்தை மறைத்தால் அவருக்கு 1,62,000 ரூபாய் மிச்சம். அவர் நெருக்கடி புரிந்தது. ஆனால் சொத்தை விற்று 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கேட்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. மாட்டிக்கொள்வது நான். முடியாது என்றேன். பத்து நாள் அவரிடமிருந்து பேச்சே இல்லை. வீட்டில் எல்லோரும் என்னைத்தான் குறை சொன்னார்கள். பதினோராம் நாள் வந்து, முழுத் தொகையையும் வங்கி வழியாகவே தர ஒப்புக்கொண்டார்.

அடுத்தது, சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழ். 2004-இலேயே அடைத்த வீட்டுக் கடனின் அடமானம் அதில் அப்படியே நின்றது. கடன் கொடுத்த சங்கத்திடம் கடன் தீர்ந்ததற்கான ரசீது எழுதி வாங்கி, அதைப் பதிவு செய்ய மூன்று வாரம் ஆனது. கடன் அடைத்த கையோடு இதைச் செய்துவிடுங்கள்.

பிறகு விற்ற லாபத்துக்கான வரி. நான் முதலில் விசாரித்த ஒருவர் வாங்கிய விலையை வைத்தே கணக்குப் போட்டு, 12.5 சதவீதத்தில் ஏழே கால் லட்சம் வரும் என்றார். அன்று இரவு தூக்கமில்லை. அஸ்தம்பட்டியில் ஓர் ஆடிட்டரைப் பார்த்தேன். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு அன்றைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் கொள்ளலாம் என்றார். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து எங்கள் தெருவின் பழைய மதிப்பை வாங்கினேன். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வந்து அளந்து, மனையும் கட்டடமும் சேர்த்து 10 லட்சம் என்று அறிக்கை தந்தார்.

2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, மனைக்கு இந்தியாவில் வசிக்கும் தனிநபர், வாங்கிய விலையை அப்படியே வைத்து 12.5 சதவீதம், அதைப் பணவீக்கக் குறியீட்டால் உயர்த்தி 20 சதவீதம் என இரண்டு வழியிலும் கணக்கிட்டு, குறைந்த வரியைக் கட்டலாம். தரகு 60,000 ரூபாயைக் கழித்தால் விற்பனைத் தொகை 59.4 லட்சம். பணவீக்கக் குறியீடு இல்லாமல் ஆதாயம் 49.4 லட்சம், 12.5 சதவீதத்தில் வரி 6,17,500. 2024-25-க்கான குறியீடு 363, 2001-02-க்கு 100. ஆகவே 10 லட்சம் 36.3 லட்சமாகிறது, மீதி 23.1 லட்சத்துக்கு 20 சதவீதம் 4,62,000. அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி தனி. முதலில் சொன்ன தொகையைவிடச் சுமார் 2.6 லட்சம் ரூபாய் குறைவு!

ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட பத்திரங்களில் முதலீடு செய்து வரிவிலக்குப் பெறலாம் என்பதையும் ஆடிட்டர் சொன்னார். பணம் ஐந்து ஆண்டு முடங்கும். என் வயதுக்கு அது ஒத்துவராது. வரியையே கட்டினேன்.

விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் வாங்குபவர் ஒரு சதவீதம், அதாவது 60,000 ரூபாய், பிடித்தம் செய்துதான் தந்தார். அதை அவர் என் பான் எண்ணில் கட்டி, அதற்குச் சான்றான படிவம் 16பி அனுப்பிய பிறகே கணக்குத் தாக்கல் செய்தேன்.