ஐசி கேட்காத வைஃபை

வன்னியில் ஒரு கல்லூரியின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெளியாருக்கு வைஃபை கொடுப்பது அதில் சின்ன விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கூட்டங்களில் அதிகம் வாக்குவாதப்படுவது அதைப் பற்றித்தான்.

முன்பு விருந்தினர் இணைந்ததும் போனில் ஒரு பக்கம் திறக்கும். பெயர், போன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் நிரப்பினால்தான் இணையம். புதிய பிள்ளைகளைப் பதியும் நாளொன்றில், புதுக்குடியிருப்பிலிருந்து மகளோடு வந்த அம்மா ஒருவர், பிரான்சில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் வளாகத்தைக் காட்ட ஆசைப்பட்டார். நான் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கினேன். "தம்பி, இதுக்கும் ஐசி வேணுமோ?" என்று கேட்டார். கைப்பையின் உள்ளறையிலிருந்து பொலித்தீனில் சுற்றிய அட்டையை எடுத்தார். என்னிடம் தரவில்லை, இரண்டு கையாலும் பிடித்தபடி இலக்கத்தை வாசித்தார். பாதியில் நிறுத்தி, "வேண்டாம் விடுங்கோ, டேட்டா போட்டுக் கதைக்கிறன்" என்று எழும்பிவிட்டார்.

இராணுவத்தின் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றவர்களுக்கும், 2009இல் போரில் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் பதியப்பட்டவர்களுக்கும், அட்டையைக் காட்டு என்பது வெறும் படிவ வேலை இல்லை. அதை அறிந்துகொண்டே ஒரு வீடியோ அழைப்புக்காக அந்த இலக்கத்தை நாம் கேட்கக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

"யாராவது தவறாகப் பாவித்தால் யார் பொறுப்பு?" என்று நிர்வாகத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தவறு செய்ய வருபவன் சொந்த இலக்கத்தையா எழுதுவான்? எழுதிய இலக்கம் சரியா என்று அந்தப் பக்கம் சரிபார்ப்பதும் இல்லை. ஒழுங்காக எழுதிய பெற்றோரின் விவரங்கள் மட்டும் எங்கள் சேர்வரில் குவிந்து கிடந்தன. தேவைக்கு மிஞ்சித் திரட்டக்கூடாது என்பது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டிய பிறகுதான் பேச்சு நகர்ந்தது.

பாதுகாப்பை வலையமைப்பின் அமைப்பிலேயே வைக்க வேண்டும். விருந்தினருக்குத் தனி வீலான், அதாவது ஒரே கம்பிகளில் ஓடினாலும் மற்றதோடு கலக்காத தனி வலையமைப்பு. அங்கிருந்து பரீட்சைப் பிரிவின் கணினிகளுக்கோ பிரிண்டர்களுக்கோ வழி கிடையாது. ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு போன்கள்கூட ஒன்றையொன்று காணாதபடி தடுத்திருக்கிறோம். ஒவ்வொரு கருவியின் வேகத்துக்கும் உச்சவரம்பு உண்டு. இப்போது வாசலில் ஒரு காகிதத் துண்டு கொடுக்கிறோம். அதிலுள்ள இணைப்புக் குறியீடு அன்று மாலையோடு காலாவதியாகும். பெயர் வேண்டாம், இலக்கம் வேண்டாம். எந்தக் கருவி எப்போது இணைந்தது என்ற பதிவு மட்டும் கொஞ்சக் காலம் இருக்கும். தொல்லை தரும் கருவியைத் துண்டிக்க அது போதும்.

போனின் மாக் முகவரியை, அதாவது வைஃபையில் அது காட்டும் அடையாள எண்ணை, வைத்து ஆளை நினைவில் வைக்கும் பழைய முறையும் இனிச் சரிவராது. 2019இல் வந்த அண்ட்ரோய்ட் 10, 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்கு வைஃபை வேறு முகவரி காட்டுகின்றன. பதிவு நாளில் எங்களைப் படுத்தியது வேறொன்று: இணையும் ஒவ்வொரு கருவிக்கும் வலையமைப்பு ஒதுக்கும் ஐபி முகவரிகள். சாதாரணமாக ஒதுக்கும் ஒரு தொகுதியில் 254தான் உண்டு. ஒன்றை ஒருநாள் முழுக்கப் பிடித்து வைக்க விட்டால், காலையில் வந்து போனவர்களின் போன்களே அத்தனையையும் தின்றுவிடும். பிடித்து வைக்கும் நேரத்தை ஒரு மணித்தியாலமாகக் குறைத்து, தொகுதியையும் பெரிதாக்கினோம். கிராமங்களிலிருந்து வரும் பல போன்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணைவதால் அதை நிறுத்தவும் முடியாது. அதில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 மட்டுமே; மண்டபத்தில் வைஃபைப் பெட்டிகளை நிறையப் பூட்டினால் இரைச்சல்தான் கூடும்.

வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் விரிவுரையாளர்களுக்குத் துண்டே தேவையில்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக, சொந்தப் பல்கலைக்கழகக் கணக்கிலேயே மற்ற இடங்களிலும் வைஃபை பெற விடும் எடுரோம் சேவை இருக்கிறது. அவர்களின் கடவுச்சொல்லை அவர்களின் பல்கலைக்கழகமே சரிபார்க்கும், எங்கள் கைக்கு அது வராது. இன்னும் தீராதது விடுதிப் பிள்ளைகளின் வேலை: தங்களுக்கு ஒதுக்கிய டேட்டா அளவு முடிந்ததும் விருந்தினர் துண்டைத் தேடி வாசலுக்கு வருகிறார்கள். அதற்காக மறுபடியும் ஐசி கேட்போம் என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பிள்ளைகளின் அளவைக் கூட்டுவோம் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.