கெட்ட செய்தி எத்தனை நாளில் வந்து சேருகிறது?

தலைவருக்குத் தேவை பயமா, அன்பா, மரியாதையா என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் மரியாதை என்பார்கள். சரிதான். ஆனால் எந்த மரியாதை?

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாத மூடுபனி. புறப்படக் காத்திருந்த, நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன போயிங் 747 விமானத்தின் கேப்டன், அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்குப் பயிற்சி தருபவர்களில் முதன்மையானவர். அவர் எஞ்சின் வேகத்தைக் கூட்டியதும், இன்னும் அனுமதி வரவில்லை என்றார் துணை விமானி. கேப்டன் நிறுத்தினார். இரண்டாம் முறை கூட்டியபோது துணை விமானி அப்படித் தடுக்கவில்லை. அதே ஓடுபாதையில் பான் அமெரிக்கன் நிறுவனத்தின் விமானம் ஒன்றும் இருந்தது. ரேடியோவில் காதில் விழுந்ததை வைத்து, "அந்தப் பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டார் ஃப்ளைட் எஞ்சினியர். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் பேச்சு அடங்கிவிட்டது. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். மூடுபனி, ரேடியோ குறுக்கீடு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் சந்தேகம் வந்தவர் இன்னொரு முறை கேட்காமல் போனதற்கு, கேப்டன் மேல் இருந்த மரியாதையும் ஒரு காரணமென்றே விமானத் துறை எடுத்துக்கொண்டது. கீழே இருப்பவர் எதிர்த்துக் கேட்பதற்கும் மேலே இருப்பவர் காதுகொடுப்பதற்கும் அதன் பிறகு பயிற்சி வந்தது. 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் அதை முழுத் திட்டமாகவே தொடங்கியது.

பயத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிகிற, எண்ணிப் பார்க்கக்கூடிய வேலை நடக்கும். மீதி எல்லாம் கணக்கில் மட்டும் சரியாக இருக்கும்.

அன்பைத் தேடுகிறவர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். வேலை செய்யாதவரிடம் கறாராகப் பேசுவதைத் தள்ளிப்போடுவார். அந்தச் சுமை நன்றாக வேலை செய்கிறவர் தலையில் விழும். முதலில் விலகிப் போவதும் அவர்தான். போதாக்குறைக்கு, "பாவம், மனசு கஷ்டப்படுவார்" என்று இந்தத் தலைவரிடமும் கெட்ட செய்தியை மறைப்பார்கள். விளைவில் பயத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆகவே உங்களை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்வதை விட்டுவிடுங்கள். ஒரு கோளாறு கீழே முதல் ஆளுக்குத் தெரிந்த தேதி, உங்களுக்குத் தெரிந்த தேதி, இரண்டையும் குறித்து வையுங்கள். கடைசி ஐந்து கோளாறுகளுக்குப் போட்டாலே நிலவரம் தெரிந்துவிடும்.

இடைவெளி பெரிதாக இருந்தால் கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள். முதலில் பேசினால் மற்றவர்கள் உங்கள் கருத்தையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். "எல்லாம் சரிதானே?" என்ற கேள்விக்கு "சரி" என்பதுதான் பதில், "இதில் எது முதலில் சொதப்பும்?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அனுபவம் குறைந்தவரிடமிருந்து தொடங்குங்கள். தவறு நடந்ததாக ஒருவர் வந்து சொன்னால் முதலில் நன்றி, அடுத்து என்ன நடந்தது, அதன் பிறகே யார். இந்த வரிசையை ஒரே ஒரு முறை மாற்றினாலும் அடுத்த செய்தி தாமதமாகத்தான் வரும்.

தண்டனையே கூடாது என்பதல்ல. தவறிவிட்டது என்று வந்து சொன்னவருக்கும் தெரிந்தே மறைத்தவருக்கும் ஒரே தண்டனை கொடுக்காதீர்கள். மறைத்தவர் உங்களுக்கு வேண்டப்பட்டவராக இருந்தால், மற்றவர்கள் எல்லோரும் அன்றைக்கு உங்களைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள்.