செட் என்பது மதிப்பில்லாத டிக்ஷனரிதானா?

சில நாள் தேறியும் சில நாள் தவறியும் என்னை அலைக்கழித்த ஒரு சோதனை நிரலின் கோளாறைத் தேடப் போய், சிபைதானில் (பைதான் மொழியின் முதன்மைச் செயலாக்கம்) செட், அதாவது எதுவும் இருமுறை வராத உறுப்புகளின் தொகுப்பு, என்ற வகையை வரையறுக்கும் சி மொழிக் கோப்பை முழுவதும் படிக்க நேர்ந்தது. டிக்ஷனரி ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு மதிப்பை வைப்பது; அதுவரை செட் என்பது மதிப்புகளை நீக்கிவிட்ட டிக்ஷனரி என்றே எண்ணியிருந்தேன். அவ்வாறு எண்ணுவதற்கு இடமும் உண்டு. ஜாவாவின் ஹேஷ்செட் தனக்குள் டிக்ஷனரி போன்ற ஒரு ஹேஷ்மேப்பை வைத்துக்கொண்டு, எல்லா உறுப்புகளுக்கும் எதிரே ஒரே வெற்றுப் பொருளை மதிப்பாக இடுகிறது. ரஸ்ட்டிலும் ஏற்பாடு இதுதான். ஆனால் அங்கே மதிப்பாக வரும் வெற்று டியூப்பிள் (உறுப்பே இல்லாத அடுக்கு) நினைவகத்தில் ஒரு பைட் இடமும் பிடிப்பதில்லை. பைதான் 2.3 பதிப்பில் தனித் தொகுதியாக வந்த செட்டும் டிக்ஷனரியின் மேல் கட்டப்பட்டதே. 2004இல் 2.4 பதிப்பு வெளியானபோதுதான், ரேமண்ட் ஹெட்டிங்கர் சி மொழியில் எழுதிய செட், மொழியின் உள்ளமைந்த வகையாயிற்று.

தனியாக எழுதியதற்கான காரணம் பயன்பாட்டில் இருக்கிறது. டிக்ஷனரியில் நாம் தேடும் பெயர் பெரும்பாலும் இருக்கும். செட்டிடம் கேட்கும் கேள்வியே "இது இருக்கிறதா, இல்லையா" என்பதுதான். உறுப்புகள் ஓர் அட்டவணையின் அறைகளில் வைக்கப்படுகின்றன; எந்த அறை என்பதை, பொருளிலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் என்ற எண் காட்டும்; இரண்டுக்கு ஒரே அறை வந்தால் அது மோதல். இல்லை என்ற விடையைச் சொல்ல, மோதல் நேர்ந்த அறைகளை எல்லாம் கடந்து ஒரு காலி அறையை எட்டியாக வேண்டும். ஆகவே அட்டவணை ஏறத்தாழ 60 விழுக்காடு நிறைந்ததுமே பெரிதாக்கப்படுகிறது. 64 பிட் கணினியில் ஓர் அறைக்கு, பொருளின் முகவரியும் அதன் ஹேஷும் சேர்த்து 16 பைட் ஆகும். செயலி நினைவகத்திலிருந்து ஒரே மூச்சில் எடுக்கும் 64 பைட் கொண்ட ஒரு கேஷ் வரிசையில் நான்கு அறைகள் அடங்கிவிடும். எனவே முதல் அறையில் வேறொரு பொருள் இருந்தால் உடனே தொலைவுக்குத் தாவாமல், இடமிருக்கும்போது அடுத்தடுத்த ஒன்பது அறைகளைப் பார்த்த பிறகே தாவுகிறது. வேகத்துக்கு நினைவகத்தை விலையாகக் கொடுக்கும் பேரம் இது: நான்கு எண்கள் கொண்ட செட் 216 பைட் என்றால், ஐந்தாவதைச் சேர்த்ததும் எட்டு அறைகள் 32 ஆகி, அளவு 728 பைட்டுக்குத் தாவுகிறது.

நான் அதிகம் ரசித்தது நீக்கல். ஓர் உறுப்பை நீக்கி அந்த அறையைக் காலியாகவே விட்டுவிட்டால், அதைத் தாண்டி வைக்கப்பட்ட மற்றோர் உறுப்பைத் தேடுபவர் அங்கேயே நின்று, இல்லை என்று திரும்பிவிடுவார். ஆகையால் அங்கே ஒரு போலிப் பொருள் வைக்கப்பட்டு, அதன் ஹேஷ் −1 என்று எழுதப்படுகிறது. உண்மையான எந்தப் பொருளுக்கும் அந்த ஹேஷ் வராது. சிபைதானில் −1 பிழையின் குறி என்பதால், −1 என்ற எண்ணின் ஹேஷ்கூட −2தான். நீக்குவதால் மட்டும் அட்டவணை சுருங்குவதில்லை என்பதையும் இங்கேதான் அறிந்தேன். லட்சம் உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிய பிறகும் அத்தனை அறைகளும் அப்படியே நிற்கும்.

இனி என் சோதனைக்கு வருகிறேன். 3.6 பதிப்பில் டிக்ஷனரி புதிய அமைப்புக்கு மாறி, சேர்த்த வரிசையைக் காக்கத் தொடங்கியது, செட் மாறவில்லை. புதிய அமைப்பில் முதலில் சுட்டெண் அட்டவணையையும் பிறகு உறுப்புகளின் அட்டவணையையும் பார்க்க வேண்டும் என்பதால், இருப்பை மட்டும் கேட்பவருக்கு அது வீண் நடை என்றே எனக்கும் தோன்றுகிறது. சிறு எண்களின் ஹேஷ் அந்த எண்ணேயாகையால் 3, 1, 2 என்று இட்டாலும் 1, 2, 3 என்று வரிசையாகவே அச்சாகி நம்மை ஏமாற்றும். 1, 8 என்று இட்டுப் பார்த்தால், எட்டு அறைகளில் 8க்கு முதல் அறையே வருவதால், அது முன்னே வந்து குட்டு வெளிப்படும். சரங்களுக்கோ (எழுத்துத் தொடர்களுக்கோ) 3.3 பதிப்பு முதல் ஹேஷ் ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறுகிறது. நான் ஒப்பிட்டது சரங்களின் செட்டிலிருந்து உருவாக்கிய பட்டியலை; அதன் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறியதால்தான் சோதனை சில நாள் தவறியது. இரட்டிப்புகள் நீங்கவும் வேண்டும், வரிசை கலையவும் கூடாது என்பதால், கடைசியில் அந்த இடத்தில் செட்டை எடுத்துவிட்டு, மதிப்புகளே தேவைப்படாத ஒரு டிக்ஷனரியை வைத்தேன்.