கிளாரினெட்டுக்கு எந்தப் பசை: இரண்டு மாத அனுபவம்

மாமாவின் பழைய மரக் கிளாரினெட் என்ற ஊதுகருவி எங்கள் திருகோணமலை உவர்மலை வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாகிறது. வறண்ட கச்சான் காற்று தொடங்கியதும் மேல்துண்டில் மயிரிழை அளவு வெடிப்பு தெரிந்தது. துண்டுகள் இணையும் மூட்டுகளின் தக்கைகள் உதிர்ந்திருந்தன. துளைகளை மூடும் பேட்களில் பாதிக்குமேல் காற்று ஒழுகியது.

பேட்களைத் தாங்கும் விசைகளைக் கழற்றியதும் மனம் கொதித்தது. யாரோ பேட்களைச் சூப்பர் குளூவால் ஒட்டியிருந்தார்கள். ஒன்றைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் போனது. பேட் தேய்கிற பொருள், என்றோ மாற்றியே ஆகவேண்டும். அதைக் கழற்ற முடியாதபடி ஒட்டுவது கருவிக்குச் செய்யும் துரோகம்.

ஆகவே பேட்களுக்கு அரக்கு. சுமார் 75 டிகிரியில் உருகும், ஆறினால் இறுகிவிடும். விசைக் கிண்ணத்தில் ஒரு துளி உருக்கிப் பேட்டை வைத்தேன். விசையைப் பூட்டி, மரத்தில் படாமல் அதன் முதுகில் மட்டும் சிறு சுடரைக் காட்டியபோது, பேட் துளையின் விளிம்புக்கேற்ப மெல்லப் படிந்தது. காற்று ஒழுகுகிறதா என்று பார்க்க, சிகரெட் தாளை மெல்லிய நாடாவாக வெட்டி நான்கு பக்கமும் செருகி இழுத்தேன். வலப்பக்கம் மட்டும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடி சூடு, இம்மியளவு நகர்த்தல். நான்கு பக்கமும் ஒரே பிடி கிடைக்க ஐந்து முறை ஆனது. அந்த ஐந்து வாய்ப்பையும் தந்தது அரக்குதான்.

மூட்டுக்கு 1.6 மில்லிமீற்றர் தக்கைத் தாள். செருப்புத் தைப்பவர்கள் பூசும் மஞ்சள் ரப்பர் பசையை எடுத்தேன். முதல்முறை ஈரம் காயுமுன்பே ஒட்டிவிட்டேன். மூட்டைப் பொருத்தும்போது தக்கை சுழன்று கழன்றது. மறுமுறை மரத்தின் எண்ணெய்ப்பசையைத் துடைத்து, இரு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். இந்தப் பசையில் ஒட்டியபின் நகர்த்த இடமில்லை. தொடங்கும் முனையைச் சரியாக வைக்கவேண்டும்.

வெடிப்புக்கு மட்டும் சூப்பர் குளூ. தண்ணீர் போன்ற மெல்லிய வகைதான் இழைக்குள் இறங்கும். தச்சுப் பட்டறையில் கேட்டு வாங்கிய கருங்காலித் தூளை அதன்மேல் அழுத்தித் தேய்த்தேன். காற்றின் ஈரத்தை வாங்கியே இது இறுகுவதால், கடலோரத்தில் கை வேகமாக இருக்கவேண்டும்.

இப்போது அடி ஸ்வரம் வரை தடையில்லாமல் பேசுகிறது. மாரியில் மரம் ஈரத்தில் உப்பும்போது வெடிப்பு எப்படி நடந்துகொள்கிறதென்று வாரம் ஒருமுறை பார்த்துக் குறிக்கப்போகிறேன்.