ட்ரம் ஹெட்ல லோகோவை அழிக்கணுமா? பாட்டிலைத் திறக்கறதுக்கு முன்னாடி விரலால ஒரு தடவு தடவிப் பாருங்க

நான் பாழாக்கின ஹெட்டைப் (ட்ரம் வாயை மூடியிருக்கற தோல்) பத்தி முதல்ல சொல்லிடறேன். 14 இன்ச் ஸ்னேர் ட்ரம், மேல சொரசொரன்னு வெள்ளைப் பூச்சு பூசின கோட்டட் ஹெட், மாட்டி ரெண்டு வாரம் கூட ஆகல. ஒரு வீடியோ ஷூட் இருந்துச்சு, அதுல கேமரா மேல இருந்து நேரா ஸ்னேரையே பாக்கற மாதிரி ஒரு ஷாட், கம்பெனி பேரு பளிச்சுன்னு தெரியுது, எடுத்துட முடியுமான்னு கேட்டாங்க. கையில அசிட்டோன் இருந்துச்சு. பஞ்சுல தொட்டு நாலு தேய் தேய்ச்சேன், லோகோ போயிடுச்சு, சந்தோஷமா பஞ்சைத் திருப்பிப் பாத்தா கருப்பு மையோட வெள்ளையும் சேர்ந்து வந்திருக்கு. ஹெட்ல லோகோ இருந்த இடத்துல கோட்டிங்கே இல்ல, கண்ணாடி மாதிரி வழவழன்னு ஒரு திட்டு. குச்சியால அடிக்கும்போது பெருசா வித்தியாசம் தெரியாது, ஆனா குச்சிக்குப் பதிலா கம்பிக் கத்தை மாதிரி இருக்கற பிரஷ் வெச்சு சுத்தினா அந்த இடம் வர்றப்ப எல்லாம் அந்த ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம் அறுந்து அறுந்து போகும். ஜாஸ் வாசிக்கறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம்னு தெரியும். கோட்டட் ஹெட் வாங்கறதே அந்தச் சொரசொரப்புக்குத்தானே.

அன்னைக்கு நான் பண்ண தப்பு அசிட்டோன் எடுத்தது இல்ல, மை எது மேல உக்காந்திருக்குன்னு பாக்காம எடுத்தது. இந்தப் போஸ்ட் முழுக்க நான் சொல்லப் போறது இதுதான். எந்தத் திரவம் நல்லதுன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க, மைக்கு அடியில என்ன இருக்குன்னு கேட்டுட்டா பாதி வேலை முடிஞ்சிடும்.

ஹெட்டுங்கறது என்ன? பாலியெஸ்டர் ஃபிலிம். மைலார்னு சொல்றோம்ல, அது டூபான்ட் கம்பெனி வெச்ச பிராண்ட் பேரு. 1950-கள் வரைக்கும் கன்னுக்குட்டித் தோல்தான், மழைக்கு ஒரு சுருதி வெயிலுக்கு ஒரு சுருதின்னு மாறிக்கிட்டே இருக்கும். 1957-ல ரெமோ பெல்லி கம்பெனி ஆரம்பிச்சு பாலியெஸ்டர் ஹெட்டுக்கு ‘வெதர் கிங்’னு பேரு வெச்சதே அதனாலதான். இந்த ஃபிலிம் நமக்கு ரொம்பத் தோதான சரக்கு, ஏன்னா ஸ்பிரிட்டோ அசிட்டோனோ கொஞ்ச நேரம் மேல பட்டா அதுக்கு ஒண்ணும் ஆகாது. அசிட்டோன்ல தெர்மோகோல் கரையும், பிவிசி இளகும், ட்ரம் மேல ஒட்டியிருக்கற பழைய செல்லுலாய்ட் ரேப் கரையும், இந்த ஃபிலிம் மட்டும் அப்படியே நிக்கும். அதனால ஃபிலிம் மேலயே நேரடியா மை அடிச்சிருந்தா மையை மட்டும் எடுத்துடலாம். நடுவுல கோட்டிங் இருந்தா முடியாது, கோட்டிங்கும் ஒரு பெயின்ட்தான், மையைக் கரைக்கறது அதையும் கரைச்சிடும்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கறது? ஹெட்டைக் கழட்டி வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க, லோகோ மேல நகத்தை லேசா ஓட்டுங்க. ஓரத்துல சின்னதா ஒரு மேடு தட்டினா மை மேல் பக்கம் இருக்கு. மேடு நல்லா தடிமனா இருந்து நகம் உள்ள போற மாதிரி இருந்தா அது மையே இல்ல, ஸ்டிக்கர். ஒண்ணுமே தட்டலைன்னா ஹெட்டைத் திருப்பி உள்பக்கம் தடவுங்க, சிலதுல அங்க அடிச்சிருப்பாங்க. ரெண்டு பக்கமும் வழவழன்னு இருந்து, அது டபுள் பிளை ஹெட்டா இருந்தா, ரெண்டு ஃபிலிமுக்கும் நடுவுல இருக்க வாய்ப்பு இருக்கு, அப்ப மூடி வெச்சுட்டு வேற வேலையைப் பாருங்க, அதைத் தொடவே முடியாது. லோகோவைச் சுத்தி மாவு பூசின மாதிரி சொரசொரன்னு இருந்தா கோட்டட். அதுலயும் அழிக்க வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

இப்ப ஒழுங்கா வந்த வேலையைச் சொல்றேன். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு ட்ரம் கிட், 22 இன்ச் கிக் (காலால மிதிச்சு அடிக்கற பெரிய ட்ரம்), முன்பக்கம் கருப்பு ஹெட், அதுல வெள்ளையில ட்ரம் கம்பெனி பேரு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும். எங்க பேண்ட் பேரை அங்க போடணும்னு எல்லாருக்கும் ஆசை. கிக்கோட முன்பக்கம்தான் ஒரு பேண்டுக்கு முகம். 1964 பிப்ரவரி 9-ம் தேதி எட் சல்லிவன் டிவி ஷோல பீட்டில்ஸ் வந்தப்ப அவங்க ட்ரம்மர் ரிங்கோவோட கிக்ல பேண்ட் பேரும் லுட்விக்ங்கற ட்ரம் கம்பெனி பேரும் சேர்ந்தே இருந்துச்சு, அமெரிக்கா முழுக்க அந்த ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துச்சு. எங்களுக்கு எங்க பேரு மட்டும் போதும்.

முதல் வேலை, ஹெட்டைக் கழட்டினேன். இதுல சோம்பேறித்தனம் பாக்காதீங்க ப்ளீஸ். ட்ரம்ல மாட்டியிருக்கும்போதே துடைச்சா ஒரு சொட்டு வழிஞ்சு ஷெல் (ட்ரம்மோட உடம்பு) மேல போகும், லாக்கர் பாலிஷ் அங்கயே போயிடும், அக்ரிலிக் ஷெல்லா இருந்தா முடி முடியா விரிசல் விடும். ஒரு லோகோவுக்காக ஒரு ட்ரம்மையே இழக்கறதுல அர்த்தமே இல்ல. இன்னொண்ணு, ஹெட்டோட அலுமினியம் வளையத்துக்குள்ள ஃபிலிமைப் பிடிச்சு வெச்சிருக்கறது நிறைய மாடல்ல பசைதான், அதனால ஓரத்துல இருந்து ரெண்டு விரற்கடை உள்ளயே வேலையை முடிச்சுக்கங்க. மைக் வைக்க ஓட்டை போட்டு அதைச் சுத்தி வளையம் ஒட்டியிருந்தாலும், உள்பக்கம் சத்தம் அடக்கற ரிங் ஒட்டியிருந்தாலும் அதே கவனம் வேணும்.

தரையில ஒரு பழைய பருத்தி பெட்ஷீட்டை விரிச்சு அதுமேல ஹெட்டை வெச்சேன், அடியில மடிச்ச துண்டு ஒண்ணு வெச்சு முட்டுக் குடுத்தேன், இல்லன்னா அழுத்தித் தேய்க்கும்போது ஃபிலிம் குழிஞ்சு மடிப்பு விழுந்துடும், மடிப்பு விழுந்த ஹெட் திரும்ப நேராகாது. லோகோவோட ஒரு எழுத்துல, ஓரமா, காது குடையற பட்ஸ்ல ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு டெஸ்ட் பண்ணேன். எப்பவும் இதுல ஆரம்பிங்க, சில மை இதுக்கே வந்துடும், நெடியும் கம்மி. எனக்கு வரல. பட்ஸ் வெள்ளையாவே இருந்துச்சு.

அடுத்து அசிட்டோன். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதுல கலரும் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், மை போனாலும் ஒரு பிசுபிசுப்பு நிக்கும். சுத்தமான அசிட்டோனா வாங்குங்க. கண்ணாடி இல்ல ஸ்டீல் கிண்ணத்துல ஊத்துங்க. ஜன்னல் எல்லாம் திறந்து வைங்க, அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் பக்கத்துல கூடாது. அசிட்டோன் ஆவி மைனஸ் 20 டிகிரிலயே தீப்பிடிக்கற ஆளு, காத்தை விட கனமா இருக்கறதால தரையோட ஊர்ந்து போய் எங்கயோ இருக்கற நெருப்பைப் பிடிச்சுக்கும். நீல கலர் நைட்ரைல் கையுறை போட்டா பாதுகாப்புன்னு நினைப்போம், அசிட்டோனுக்கு அது தாங்காது, சீக்கிரமே உள்ள இறங்கிடும், பியூட்டைல் ரப்பர் கையுறைதான் சரி.

அசிட்டோன்லயும் ஒரே தேய்ப்புல வந்துடல. மேல் ஓரம் கொஞ்சம் மங்குச்சு அவ்வளவுதான். நான் அழுத்திக்கிட்டே இருந்தேன், கை வலிச்சதுதான் மிச்சம். அப்புறம் ஸ்க்ரீன் பிரிண்டிங் பண்ற அண்ணன் ஒருத்தருக்கு ஃபோன் போட்டேன்.

“அண்ணே, அசிட்டோன்லயும் வர மாட்டேங்குதுண்ணே.”

“கரையுதா, உரியுதா?”

“கரையல. ஒரு இடத்துல தோல் மாதிரி லேசா சுருங்கியிருக்கு.”

“அப்ப அது யூவி மைடா தம்பி. லைட்ல காய வெச்சது, அது கரையாது, ஊறும். தேய்க்காத, ஊற வை.”

இந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் இன்னும் நன்றிக்கடன் பட்டிருக்கேன். காத்துல காய்ஞ்ச சாதா மை திரும்ப அசிட்டோன் பட்டா திரும்பவும் கரைஞ்சு பஞ்சுல வந்துடும். யூவி வெளிச்சத்துல இறுகின மை வலை மாதிரி பின்னிக்கிட்டு நிக்கும், கரைக்க முடியாது, ஆனா அசிட்டோன் உள்ள போனா உப்பிக்கிட்டு ஃபிலிமை விட்டுப் பிரியும். அதனால பஞ்சை நல்லா நனைச்சு ஒரு எழுத்து மேல மட்டும் வெச்சேன், சீக்கிரம் ஆவியாகிடக் கூடாதுன்னு அதுமேல ஒரு சாதா பாலித்தீன் கவரைப் போட்டு மூடினேன், ஒரு நிமிஷம் விட்டேன். எடுத்துப் பாத்தா எழுத்து முழுக்க வெந்த தோல் மாதிரி சுருங்கி நிக்குது. விரலால தள்ளினாலே உரிஞ்சு வந்துச்சு. அந்த நிமிஷம் இருந்த நிம்மதியைச் சொல்லத் தெரியல.

ஒரு எழுத்து, ஒரு பஞ்சு, ஒரு நிமிஷம். இப்படியே போனேன், மொத்தம் ரெண்டு மணி நேரம் ஆச்சு. பழைய பஞ்சையே திரும்பத் தேய்க்காதீங்க, ஏற்கனவே எடுத்த மையை அது பக்கத்துல இழுத்துப் பூசிடும். சுரண்ட ஐஸ் குச்சி மாதிரி மரத்துல ஏதாவது வெச்சுக்கங்க, கத்தி பிளேடு கூடவே கூடாது, சின்னக் கீறலே பின்னாடி கிழிசலா போகலாம். நான் ஒரு தடவை பழைய ஏடிஎம் கார்டை எடுத்துச் சுரண்டினேன், கார்டு பிவிசி, அசிட்டோன் பட்டதும் அதோட முனை இளகி ஹெட் மேலயே ஒட்டிக்கிச்சு, அதைத் துடைச்சு எடுக்க இன்னொரு கால் மணி நேரம்.

கருப்பு ஹெட்டுக்கு இன்னொரு பயமும் இருந்துச்சு, கருப்பே கரைஞ்சு வந்துடுமோன்னு. எங்க ஹெட்ல கருப்பு ஃபிலிமுக்குள்ளயே இருந்ததால ஒண்ணும் ஆகல. மேல கருப்பு பூசின ஹெட்டும் இருக்கு, அதுல நம்ம வெள்ளை கோட்டட் கதைதான் நடக்கும், அதனால ஓரத்துல டெஸ்ட் பண்ணாம நடுவுல கை வைக்காதீங்க. பளபளன்னு இருக்கற கருப்புல மேஜிக் இரேசர்னு விக்கற அந்த வெள்ளை ஸ்பாஞ்ச், பாத்திரம் தேய்க்கற நார், உப்புத்தாள் எதுவும் வேண்டவே வேண்டாம். அதெல்லாம் மையை அழிக்கறது இல்ல, ஃபிலிமைத் தேய்க்குது. வீட்டு வெளிச்சத்துல நல்லாத்தான் தெரியும், ஸ்டேஜ் லைட் பட்டதும் அந்த இடம் மட்டும் புகை படிஞ்ச மாதிரி நிக்கும். கிளியர் ஹெட்லயும் அப்படித்தான். பெயின்ட் ரிமூவர், பிரேக் கிளீனர் மாதிரி சரக்கு பக்கமும் போகாதீங்க, உள்ள என்ன கலந்திருக்கோ, அதுல சிலது ஃபிலிமையே கெடுக்கும், மூச்சுக்கும் கெடுதல்.

ஸ்டிக்கரா இருந்தா வேலை சுலபம். ஹேர் ட்ரையரை மிதமான சூட்டுல, நம்ம உள்ளங்கை தாங்கற அளவுக்கு மட்டும் காட்டி, ஒரு மூலையில இருந்து ஃபிலிமோட படுக்க வெச்சு மெதுவா இழுங்க. ஹீட் கன் வேண்டாம், பாலியெஸ்டர் 70, 80 டிகிரி தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், ஹெட் நெளிஞ்சுடும். மிச்ச பசைக்கு ஆல்கஹாலே போதும்.

முடிச்சதும் சோப்புத் தண்ணியில துடைச்சு, காய வெச்சு, ஆல்கஹால்ல கடைசியா ஒரு தடவை துடைச்சேன். நேரா பாத்தா சுத்தமா இருந்துச்சு. சாய்ச்சுப் பாத்தா அந்தப் பழைய பேரு ஆவி மாதிரி லேசா தெரிஞ்சுது. இத்தனை வருஷம் மை மூடியிருந்த இடம் மட்டும் கீறல் படாம புதுசா இருக்கு, சுத்தியிருக்கற இடம் தூசியும் துடைப்புமா தேஞ்சிருக்கு, அந்த வித்தியாசத்தை எந்தத் திரவமும் எடுக்காது. இன்னும் தேய்ச்சா எடுத்துடலாம்னு தோணும், அங்கதான் நிறைய பேர் ஹெட்டைக் கெடுக்கறாங்க. நாங்க பேண்ட் பேரை வினைல் ஸ்டிக்கரா வெட்டி, பழைய எழுத்து இருந்த இடத்தை மூடற மாதிரி பெருசா டிசைன் பண்ணி ஒட்டினோம். ஒட்டற இடத்துல சோப்புத் தண்ணி தெளிச்சுட்டு ஒட்டுங்க, கொஞ்சம் நகர்த்தி நேர் பண்ணிக்கலாம், காத்துக் குமிழையும் தள்ளி எடுத்துடலாம். ஸ்டிக்கர் எடை ரெசனன்ஸை, அதாவது சத்தம் நீண்டு அதிர்றதை, கொஞ்சம் அடக்கும், கிக் முன்பக்கத்துல எனக்கு அது தொந்தரவா தெரியல, அடிக்கற பக்கத்துல மட்டும் ஒட்டாதீங்க.

அடிக்கற பக்கத்து லோகோவைப் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. டாம், ஸ்னேர் எல்லாம் சில மாசத்துல மாத்தப் போற ஹெட், அதுல உங்க மத்தியானத்தைச் செலவு பண்ணாதீங்க. ஒரு நாள் ஷூட்டுக்குன்னா ஹெட்டைச் சுழட்டி மாட்டி லோகோவை கேமராவுக்கு எட்டாத பக்கம் திருப்புங்க, இல்ல அதே கலர்ல ஒரு துண்டு காஃபர் டேப் (ஷூட்டிங்ல ஒட்டற துணி டேப்), ஷூட் முடிஞ்சதும் உடனே உரிச்சுடணும், வெயில்ல விட்டா பசை தங்கிடும். மேல இருந்து எடுக்கற ஷாட்னா டேப்தான். அன்னைக்கு என் ஸ்னேருக்கும் அது போதுமா இருந்திருக்கும்.

பழைய கிட் கையில கிடைச்சு, அதுல ஒரிஜினல் ஹெட் அந்தக் காலத்து லோகோவோட இருந்தா மட்டும் தயவு செஞ்சு அழிக்காதீங்க. கழட்டி, ரெண்டு அட்டைக்கு நடுவுல வெச்சு பத்திரப்படுத்திட்டு, வேற ஹெட் வாங்கி அதுல உங்க பேரைப் போடுங்க. அந்த லோகோவைத் தேடி அலையறவங்க இருக்காங்க, அழிச்சுட்டா அந்த மை திரும்பக் கிடைக்காது.