ஆய்வுகூட யன்னல் குளவிகள்

எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வுகூடம் என்றால் ஆளுக்கொரு ஞாபகம் வரும். பலருக்குப் போமலின் மணம், சிலருக்கு மெழுகுத் தட்டில் ஊசி குத்திக் கிடத்திய கரப்பொத்தான். எனக்கு யன்னல் மூலைகளில் இருந்த குளவிக் கூடுகள். பியூன் அண்ணை தும்புத்தடியோடு வந்தால் விலங்கியல் சேர் விடமாட்டார். "இருக்கட்டும், அதுகளும் ஏ.எல். சோதினை எடுக்கட்டும்" என்பார்.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று கீழ்வகுப்பில் தமிழ் வாத்தியார் சொல்லித் தந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு நாள் சேர் ஒரு கூட்டை எடுத்து பிளேட்டால் பிளந்தார். உள்ளே பச்சைப் புழுக்கள், செத்தவையும் இல்லை, அசைபவையும் இல்லை. ஓரத்தில் வெள்ளையாக ஒரு குடம்பி, அதுதான் குளவியின் பிள்ளை, ஒரு புழுவைத் தின்றுகொண்டிருந்தது. கொட்டுவது புழுவை மாற்ற அல்ல, பழுதாகாத சாப்பாடாக வைத்திருக்க. பின் வாங்கிலிருந்து யாரோ "அப்ப தமிழ் சேர் சொன்னது பொய்யோ?" என்று கேட்க, "அவர் சொன்னது குளவிக்கில்லை, உனக்கு" என்றார். வகுப்பே சிரித்தது.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். கூட்டைக் கட்டி, முட்டையிட்டு, இரை வைத்து மூடிவிட்டுத் தாய் போய்விடுகிறது. பிள்ளை தாயைக் காண்பதே இல்லை. ஆனாலும் அது வளர்ந்ததும் அதே மாதிரி மண் உருட்டி, அதே மாதிரிக் கொட்டுகிறது. யார் படிப்பித்தது? பிரான்சில் பாபர் என்றொருவர் வருடக்கணக்கில் குளவிகளைப் பார்த்துக்கொண்டே இருந்த கதையை அன்று சொன்னார். சுவர்க்கோழிப் பூச்சியைப் பிடித்து வரும் ஒரு குளவி, அதை வளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே போய் ஒருமுறை பார்த்து வரும். அது உள்ளே போன நேரம் பாபர் பூச்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். குளவி திரும்பி வந்து, அதை மறுபடி வாசலுக்கு இழுத்து, மறுபடி உள்ளே பார்க்கப் போனது. சுமார் 40 தடவை தள்ளி வைத்தார், அத்தனை தடவையும் குளவி அதையேதான் செய்தது. டார்வின் பாபரை ஒப்பற்ற அவதானி என்று புகழ்ந்தார், பாபரோ கூர்ப்பை, அதாவது பரிணாமத்தை, கடைசிவரை ஏற்கவில்லை. சேரும் பாடத்தில் கூர்ப்பை ஒழுங்காக நடத்தினாலும், மனசுக்குள் கொஞ்சம் பாபர் பக்கம் சாய்ந்திருந்தார் என்பது என் ஊகம்.

பிறகு பிரச்சினை, இடப்பெயர்வு, லண்டன், எல்லோர் கதையும்தான். நான் மருந்தாளராகி, பார்க்கின்சன் நோயாளிகளுக்கு லீவோடோபா குளிசை எண்ணிக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் இன்னொரு குளவியைப் பற்றிப் படித்தேன். எங்கள் பக்கத்து நாடுகளிலும் இருக்கும் பச்சை மினுக்கக் குளவி, அதன் இரை கரப்பொத்தான். முதல் கொட்டு நெஞ்சில், முன்னங்கால்கள் சற்று நேரம் சோரும். இரண்டாவது நேரே தலையில். விஷம் உண்மையாகவே மூளைக்குள்தான் போகிறது என்பதை 2003இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் லிபர்சாட் குழுவினர் கதிரியக்கக் குறி வைத்துக் காட்டினார்கள். கொட்டு வாங்கியது முதலில் அரை மணித்தியாலம் போல விடாமல் தன்னைத் துப்பரவு செய்துகொண்டிருக்கும். அதன்பின் அதற்கு நடக்கத் தெரியும், ஆனால் தானாக நடையைத் தொடங்காது. குளவி உணர்கொம்பைப் பிடித்து இழுத்தால், நாணயக் கயிறு போட்ட மாடு போலப் பின்னாலே போகும், தன் புதைகுழிக்கே.

அந்தத் துப்பரவுப் பைத்தியத்துக்குக் காரணம் விஷத்தில் இருக்கும் டோபமின். பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் குறைகிறதே, அதே பொருள். நான் கொடுக்கும் குளிசை உடலுக்குள் போய் ஆவதும் அதுதான். வாசித்துவிட்டு வேலை ஓடவில்லை. கரப்பொத்தானுக்கும் நமக்கும் பொது மூதாதை 55 கோடி ஆண்டுக்கும் அப்பால் வாழ்ந்தது.

ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் மட்டும் சொந்தம் என்று சொல்லிவிட முடியாது. மைதானத்து வேலியில் படர்ந்திருந்த பூனைக்காலியை மறந்திருக்க மாட்டீர்கள், அதன் சுணையைக் கதிரையில் தடவி யார் யாரைச் சொறிய வைத்தோம் என்பதை இங்கே எழுதவில்லை. அதன் விதையில் லீவோடோபா நிறையவே இருக்கிறது, நம் வைத்தியத்தில் நடுக்க வாதத்துக்குக் கொடுப்பார்கள். ஆனால் செடி அதைத் தயாரிப்பது வேறு நொதியால், அதற்கு ஓடவும் நடக்கவும் நரம்பும் கிடையாது. பூச்சியிலும் மனிதனிலும் அப்படியில்லை. தயாரிக்கும் நொதி ஒரே குடும்பம், நரம்பில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் ஒரே குடும்பம், மரபணு வரிசையை வைத்துப் பார்த்தால் உறவு தெரிகிறது. பூட்டும் திறப்பும் சேர்ந்தே இரண்டு பக்கமும் வந்திருக்கின்றன. குளவி செய்வதெல்லாம் அந்தப் பழைய பூட்டைத் திறப்பதுதான், அதுவும் தாய் முகம் பாராமலே.

சேர் இருந்திருந்தால் இதற்கெல்லாம் உடனே தலையாட்டியிருக்க மாட்டார். "உந்த ஏற்பியை எந்தப் பூச்சியில பார்த்தவங்கள்?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார். பழ ஈயிலும் தேனீயிலும், சேர்.