சி.எம்.எல்.: இறப்பு விகிதம் தேடுகிறவர்களுக்கு என் அனுபவம்

எனக்கு இருப்பது க்ரோனிக் மைலாய்ட் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய், சுருக்கமாக சி.எம்.எல். இந்தப் பெயரைப் புதிதாகக் கேட்டவர்கள் முதலில் தேடுவது இன்னும் எத்தனை வருஷம் இருப்போம் என்பதைத்தான், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஐந்தாறு வருஷம் என்று கண்ணில் படும் கணக்கெல்லாம் பெரும்பாலும் 2001-க்கு முந்தையது. அப்போது இருந்தது ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, இன்டர்ஃபெரான் ஊசி, பொருந்துகிற ஆள் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை, அவ்வளவுதான். 2001-ல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. அதை வைத்து நடந்த முதல் பெரிய ஆய்வில், ஆரம்பக் கட்டத்திலேயே மாத்திரையைத் தொடங்கியவர்களில் சுமார் 83 சதவீதம் பேர் 10 வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள், இறந்தவர்களிலும் பலர் வேறு காரணத்தால் போனவர்கள். நோய் முற்றிய கட்டத்தில் தெரியவந்தால் கணக்கு வேறு, அதையும் மறைக்கக் கூடாது.

எனக்கு அசதி, நாலு வாய் சாப்பிட்டாலே இடது விலாவுக்குக் கீழே கல் வைத்த மாதிரி ஒரு கனம். அது மண்ணீரல் வீக்கம் என்று அப்புறம்தான் தெரிந்தது. முதலில் பார்த்த கிளினிக்கில் கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தே நாளைக் கடத்தினார்கள், வெள்ளை அணு லட்சத்தைத் தாண்டியிருப்பதைப் பார்த்துவிட்டு அக்காதான் என்னை ஹெமட்டாலஜிஸ்ட்டிடம், அதாவது ரத்த நோய் நிபுணரிடம், இழுத்துக்கொண்டு போனாள். பரிசோதனைக்காக எலும்பு மஜ்ஜை எடுப்பதைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும், பின்பக்க இடுப்பு எலும்பில் மரத்துப்போக ஊசி போடுவார்கள், அதற்குப் பிறகு அழுத்துவது மட்டும்தான் தெரியும். உறிஞ்சும் நேரத்தில் தொடை வரைக்கும் சுரீரென்று ஒரு இழுப்பு, பல்லைக் கடிப்பதற்குள் போய்விடும்.

9-வது, 22-வது குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொண்டதால் உருவாகும் பி.சி.ஆர்-ஏ.பி.எல். (BCR-ABL) மரபணுதான் இந்த நோய்க்கு வேர், இமாட்டினிப் அடைப்பது அது உண்டாக்கும் புரதத்தைத்தான். எனக்கு தினம் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு பெரிய டம்ளர் தண்ணீரோடு. காலையில் கண் இமை வீங்கும், ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். காசு விஷயத்தில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த மருந்துக்கு நோவார்டிஸ் கம்பெனி கேட்ட பேடன்ட்டை மறுத்துக் கொடுத்த தீர்ப்பு எங்களுக்குப் பெரிய விஷயம், மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற மருந்தை நம் ஊர் கம்பெனிகள் சில ஆயிரத்துக்குத் தொடர்ந்து தர முடிந்தது அதனால்தான்.

சரி, விகிதம் நம் பக்கம் இருக்க வேண்டுமானால் மாத்திரையை விடக் கூடாது. 2010-ல் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்றில், 90 சதவீதத்துக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் நோய் நன்றாக அடங்கியது, அதற்குக் குறைந்தவர்களில் அப்படி அடங்கியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மாதத்துக்கு மூன்று மாத்திரை விட்டாலே 90-க்கு வந்துவிடும்! கல்யாணம், திருவிழா, ஊர்ப்பயணம் எதுவாக இருந்தாலும் மாத்திரை அட்டை கைப்பையில் இருக்கட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ரத்தத்தில் அந்த பி.சி.ஆர்-ஏ.பி.எல். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கும் PCR பரிசோதனை. அந்த அளவு 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள், 6 மாதத்தில் 1-க்குள், ஒரு வருஷத்தில் 0.1-க்குள் வர வேண்டும், வராவிட்டால் டசாட்டினிப், நிலோட்டினிப் என்று அடுத்த மருந்துகள் இருக்கின்றன. லேபை மட்டும் மாற்றாதீர்கள், ஆளுக்கொரு முறையில் அளந்தால் ஏறியதா இறங்கியதா என்றே புரியாது, ரிப்போர்ட்டில் ஐ.எஸ். (IS, சர்வதேச) அளவுகோல் என்று போட்டிருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.